ஹெலன் தங்கத்தின் அர்ப்பணிப்பு

அந்தப் பையைக் கீழ வைக்காதிங்கம்மா, எவனோ துப்பி வச்சிருக்கான். மடியில வச்சுக்கோங்க. பாரமா இருந்தா சீலிகிட்ட குடுங்க, அவ வச்சுக்குவா. முன் சீட்டுல கம்பியில தலையைச் சாச்சிட்டு இருக்காள்லா, அவதான். எங்க சாரோட தங்கச்சி, எனக்கு நாத்தனா. தூங்குதா. பஸ்ல உக்காந்தா போதும், தூங்கிருவா. வீட்டுல அவளுக்குத் தூங்க நேரம் ஏது, அதான்.

நீங்க பாளையங்கோட்டைலயா இறங்குதிய? நாங்க ஜங்ஷன். அங்க இருந்து ரயிலு, பெங்களூருக்கு. எம் மக பெல்சியா அங்கதான் இருக்கா. ரெட்டப் பிள்ள பெத்திருக்கா, ரெண்டும் ஆணு. அவளும் வேலைக்குப் போணும், மருமகனும் வேலைக்குப் போணும். சீலியை அங்க கொண்டுபோயி விடுதோம். எனக்கு அங்க ஒரு தமிழ்ச் சபையில பெண்கள் கூட்டம், சாட்சி சொல்லக் கூப்பிட்டிருக்காங்க. அதையும் முடிச்சிட்டு நான் திரும்பிருவேன்.

என்ன சாட்சியா? நீங்க கிறிஸ்டியன்தான? கழுத்துல சிலுவையைப் பாத்தேன், அதான் பக்கத்துல வந்து உக்காந்தேன். சொல்லுதேன். ஸ்ரீவைகுண்டமே இன்னும் வரல, நிறைய நேரம் கிடக்கு.

அஞ்சாறு வருஷம் இருக்கும். எங்க ஊர்ல கன்வென்ஷன் நடந்துது. மெட்ராஸ்ல இருந்து ஒரு பிரசங்கியார் வந்தாரு. சின்ன வயசுதான், ஆனா வார்த்தை ஒவ்வொண்ணும் நெஞ்சுல வந்து விழுது. எல்லாரும் ஆப்பிரிக்காவுக்குப் போய் ஊழியம் செய்யணும்னு ஆண்டவர் கேக்கல, நீ நிக்கிற இடத்துல, உன் அடுப்படியில, உன் கிணத்தடியில எனக்குப் பின்னால வான்னுதான் கேக்காருன்னு சொன்னாரு. ஆனா சும்மா வர முடியாது, நீ எதைக் கையில இறுக்கிப் பிடிச்சிருக்கியோ அதை விடணும், அப்படி விடுறதுக்கு மனசு உள்ளவங்க எந்திரிச்சு நில்லுங்கன்னாரு.

நான் எந்திரிச்சேன். பொம்பளைங்க பக்கத்துல நான்தான் முதல்ல. எங்க சாரு ஆம்பளைங்க பக்கத்துல இருந்துக்கிட்டு உக்காரு உக்காருன்னு கையைக் காட்டுதாங்க. நகையைக் கழட்டிக் குடுத்திருவேனோன்னு பயம். நான் உக்காரல. அன்னிக்கு அழுத அழுகை, எங்க அம்மா செத்ததுக்குக்கூட நான் அழுதது இல்ல.

வீட்டுக்கு வந்த பிறகுதான் குழப்பம். எதை விட? டிவில சீரியல் பாக்கதை விட்டேன். ஒரு வாரம் தாக்குப் பிடிச்சேன். கதை எங்க போய் நிக்கோன்னு மனசு அங்கயே கிடக்கு, ஜெபத்துல ஒட்டல. ஆண்டவர் கேக்கது இது இல்லன்னு தெரிஞ்சுக்கிட்டேன். காப்பியை விட்டேன். தலைவலி வந்து எல்லார்மேலயும் எரிஞ்சு விழுந்தேன். அதும் இல்ல. அப்போ என்னதான் கேக்கிய ஆண்டவரேன்னு தினமும் முழங்கால்ல நின்னேன்.

அந்தச் சமயத்துலதான் எங்க மாமியார் பாத்ரூம்ல விழுந்தாங்க. வாதம். வலது பக்கம் பூரா போயிட்டு, பேச்சும் போயிட்டு. இனிமே இப்படித்தான்னு டாக்டர் கையை விரிச்சிட்டாரு. எல்லாரும் அழுதாங்க. எனக்கு மட்டும் உள்ளுக்குள்ள ஒரு வெளிச்சம். இதான். இதுதான் எனக்கு உள்ள சிலுவை. நான் சுமக்கேன் ஆண்டவரேன்னு சொன்னேன் பாருங்க, சொன்ன மாத்திரத்துல மனசு அப்படியே லேசாயிட்டு.

ஆனா எனக்கு இடுப்புல டிஸ்க் விலகி இருக்கு. ஒரு குடம் தண்ணி தூக்கக் கூடாது. அதனால தூக்கது, புரட்டது, குளிப்பாட்டது எல்லாம் சீலிதான். அவளுக்கு அப்போ முப்பத்தொம்பது வயசு, நல்ல தெம்பு. வீட்டுலயே மிஷின் போட்டுத் தைச்சுக்கிட்டு இருந்தா. கல்யாணம் ஆகல.

ஏன் ஆகலன்னு கேப்பிய. எல்லாரும் கேப்பாங்க. நாங்க பாக்காம இல்ல. ஒரு இடத்துல மாப்பிள்ளை ரொம்பக் குள்ளம். இன்னொண்ணு ரொம்பத் தூரம், அத்தைக்கு ஒரு அவசரம்னா யாரு ஓடி வர? கடைசியா வந்தது நல்ல இடம்தான், உபதேசியார் குடும்பம், ஆனா நான் ஜெபம் பண்ணிப் பாத்தேன், எனக்குச் சமாதானம் கிடைக்கல. சமாதானம் இல்லாம எப்படி ஒரு பொண்ணைக் குடுக்க?

அத்தை படுக்கையில விழுந்து ஒரு மாசம்கூட ஆகல, சீலி என்கிட்ட வந்து நிக்கா. நான் அடுப்படியில இருக்கேன். தேங்கா துருவிக்கிட்டே, தலையைத் தூக்காம சொல்லுதா, மிக்கேல் கேக்காருன்னு.

மிக்கேல் யாருன்னா, ரெண்டு தெரு தள்ளி மோட்டார் காயில் கட்டிக்கிட்டு இருந்த ஆளு. எங்க கிணத்து மோட்டார் ரிப்பேர்னா அவருதான் வருவாரு. ஆர்.சி. ஆளு, நம்ம சபை கிடையாது. பொண்டாட்டி மஞ்சக்காமாலையில போயிட்டா. ஒரே பிள்ள, பிலோ. அப்போ எட்டு வயசு இருக்கும். அவங்க புதுநன்மைன்னு சொல்லுத முதல் நற்கருணை வாங்கதுக்கு அந்தப் பிள்ளைக்கு வெள்ளை கவுன் தைக்கணும்னு கூட்டிட்டு வந்தாரு. அளவெடுக்கக் கூப்பிட்டா அந்தக் குட்டி சீலி கழுத்தைக் கட்டிக்கிட்டு விடமாட்டேங்கு. அதுல இருந்து பள்ளிக்கூடம் விட்டதும் நேரா எங்க வீடு. சீலிதான் தலை பின்னி விடுவா, சீலிதான் சோறு குடுப்பா. இப்படித்தான் ஆரம்பிச்சிருக்கு. நான் கவனிக்காம விட்டுட்டேன்.

அம்மாவையும் விட்டுர மாட்டேன் மைனி, ரெண்டு தெருதான, காலையிலயும் சாயங்காலமும் வந்து எல்லாம் செஞ்சிட்டுப் போறேன், அவரும் சரின்னு சொல்லிட்டாருன்னா. முகத்தைப் பாக்கணும் நீங்க. முப்பத்தொம்பது வயசுல ஒரு பொம்பளைக்கு அப்படி ஒரு வெக்கம்.

ஜெபம் பண்ணிச் சொல்லுதேன்னேன். உள்ள போயி கதவைச் சாத்திக்கிட்டு முழங்கால் போட்டேன். போட்டதும்மா, அந்தப் பிரசங்கியார் சொன்னது காதுல கேக்கு. எதை இறுக்கிப் பிடிச்சிருக்க? எதைப் பிடிச்சிருக்கேன், நான் எதைப் பிடிச்சிருக்கேன்னு யோசிக்கேன். சட்டுன்னு புரிஞ்சுது. சீலி. அவளை நான் என் கூடப்பிறந்தவ மாதிரில்லா வச்சிருந்தேன். அவ நல்லாயிருக்கணும், ஒருத்தன் கூட வாழணும்னு எனக்கும் ஒரு ஆசை இருந்துது, இல்லன்னு சொல்லல. அந்த ஆசையைத்தான் ஆண்டவர் கேக்காரு. எம் மனசு கிடந்து தவிச்ச தவிப்பு அவருக்குத்தான் தெரியும். கடைசியில சொல்லிட்டேன். சீலியை உமக்குக் குடுக்கேன் ஆண்டவரே, அவ உமக்கே ஊழியம் செய்யட்டும், அத்தை காலடியிலயே அவ ஊழியம் இருக்கட்டும்னு.

வெளிய வந்து அவகிட்ட சொன்னேன். கண்ணு நிறைஞ்சு சொன்னேன். அவ என்னை நிமிந்து பாத்தா. அப்புறம் சொன்னா, "மைனி, ஆண்டவர் உங்ககிட்டல்லா கேட்டாரு. என்கிட்ட கேக்கலையே."

பாத்தியளா? எப்படி இடறலான பேச்சு. சாட்சியில இந்த இடத்தைச் சொல்லும்போது நான் ஒரு நிமிஷம் நிறுத்துவேன். பொம்பளைங்க எல்லாம் உச்சுக் கொட்டுவாங்க. சத்துரு யார் வாயில எல்லாம் வந்து பேசுவான் பாருங்கன்னு சொல்லுவேன்.

நான் கோவப்படல. உபவாசம் இருந்தேன். அவ சரின்னு சொல்லுத வரைக்கும் சாப்பிட மாட்டேன்னு நான் சொல்லவே இல்ல, அப்படி ஊருக்குள்ள யாரும் சொன்னா நம்பாதிங்க. ஜெபம் பண்ணுதேன்னுதான் சொன்னேன். முன்பக்கம் பட்டாசாலையில பாயை விரிச்சுப் படுத்துட்டேன். தண்ணி, இளநீர், ராத்திரிக்குக் கொஞ்சம் ஹார்லிக்ஸ், அவ்வளவுதான். பிரஷர் மாத்திரையையும் நிப்பாட்டிட்டேன். மயக்கம் வந்துது. எங்க சாரு பயந்துட்டாங்க. பள்ளிக்கூடத்துல பிள்ளைகளை அதட்டுத ஆளு, வெளிய இறங்கிட்டா எலி மாதிரி. நேரா தங்கச்சிகிட்ட போனாங்க. அவ அத்தைக்குத் துணி மாத்திக்கிட்டு இருந்தா. எம் பொண்டாட்டியைக் கொன்னுராதன்னு சொல்லி அவ கால்ல விழுந்துட்டாங்க. அண்ணன், பதினோரு வயசு மூத்தவங்க, தங்கச்சி கால்ல. எங்கயாவது பாத்திருக்கியளா?

அவ கையில இருந்த துணியைக் கீழ வச்சா. கையைக் கழுவினா. கஞ்சி வச்சுக் கொண்டு வந்து எம் பக்கத்துல உக்காந்தா. குடிங்க மைனி, நான் போகலன்னா. அவ கையாலயே குடிச்சேன். அன்னிக்குக் கஞ்சியில உப்பு இல்ல, ஆனாலும் நான் ஒண்ணும் சொல்லல.

சரி, அதோட விட்டா நாளைக்கு நாலு பேரு, நாத்தனாளை மைனி கட்டாயப்படுத்திட்டான்னு சொல்லுவாங்கள்லா? அதனால அவ வாயாலயே மிக்கேல்கிட்ட சொல்லணும்னேன். அவரைக் கூப்பிட்டு விட்டோம். மோட்டார்தான் ரிப்பேர்னு நெனைச்சு சாமான் பையோட வந்து நிக்காரு பாவம். வாசல் கேட்டுகிட்ட இவ நிக்கா, நான் பக்கத்துல நிக்கேன். இவ சொன்னா, எனக்கு இது வேண்டாம், நீங்க வேற பாத்துக்கோங்கன்னு.

அவரு அசையல. "இது நீ சொல்லுதியா, உங்க மைனி சொல்லுதாங்களா?"

சீலி என்னைப் பாத்தான்னு நெனைக்கேன். எனக்குத் தெரியல, நான் கண்ணை மூடி ஜெபத்துல இருந்தேன்.

"நான்தான் சொல்லுதேன்"னா.

சாமான் பையைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டாரு. ஜெயம் கிடைச்சிட்டு. அந்த ஞாயித்துக்கிழமையே கோயில்ல எந்திரிச்சு சாட்சி சொன்னேன். போதகர் ஐயா ரெண்டு கையையும் பிடிச்சிக்கிட்டு, அம்மா, இப்படி ஒரு அர்ப்பணிப்பை நான் பாத்ததில்லன்னாரு. அதுல இருந்து பெண்கள் ஐக்கிய சங்கத்துல எல்லா ஊருக்கும் கூப்பிட ஆரம்பிச்சிட்டாங்க. முதலூர், மெஞ்ஞானபுரம், சாயர்புரம், போகாத ஊரே இல்ல. படுக்கையில கிடக்கிற மாமியாரைத் தாங்குற சாட்சின்னு பேரு. நான் தூக்கி, நான் துடைச்சு, நான் ஊட்டின்னு சொல்லும்போது கூட்டமே அழும். ஒரே குடும்பம், அவ கை என்ன, எங் கை என்ன? அப்படித்தான் வேதமும் சொல்லுது, சரீரம் ஒண்ணுதான்.

ஒரு தொந்தரவு மட்டும் இருந்துது. அந்தக் குட்டி. அப்பன் வராட்டியும் அது வரும். கையில ரிப்பனைப் பிடிச்சிக்கிட்டு கேட்டுக்கு வெளிய நிக்கும். சீலி எந்திரிச்சுப் போயிருவா. அங்க அத்தை நனைஞ்சு கிடப்பாங்க, இவ இங்க தலை பின்னிக்கிட்டு இருப்பா. இது நடக்காதுன்னு ஒரு நாள் நானே கேட்டுக்குப் போனேன். பதமாத்தான் சொன்னேன். இனிமே இங்க வராதம்மா, சீலி அத்தையை ஆண்டவருக்குக் குடுத்தாச்சுன்னேன்.

அது என்னை அண்ணாந்து பாத்துச்சு. "எங்க அம்மா மாதிரியா? அவங்களும் செத்துட்டாங்களா?"

அது அம்மா செத்தப்போ கான்வென்ட் சிஸ்டருங்க அப்படித்தான சொல்லியிருப்பாங்க, அம்மாவை ஆண்டவருக்குக் குடுத்தாச்சுன்னு. எனக்குச் சிரிப்பு வந்துட்டு. கூட்டத்துல இதைச் சொன்னா இப்பவும் எல்லாரும் சிரிப்பாங்க, எல்லாரும் அழுது முடிச்சிருக்கிற நேரம்லா, ஒரு சிரிப்பு இருந்தா நல்லதுதான். அன்னிக்கு உள்ள தையல் மிஷின் ஓடிக்கிட்டு இருந்துது. நின்னுட்டு. பிள்ள போயிட்டு. திரும்ப வரல.

சீலி அதுக்குப் பிறகு மிஷின்ல உக்காரல. நான் ஒண்ணும் தடுக்கல. அத்தை வேலைக்கே அவளுக்கு நேரம் சரியா இருந்துது. மிஷின் இடத்தை அடைச்சுக்கிட்டு நின்னுது, குடுத்துட்டோம். முன்னால எல்லாம் அவ வேலை செய்யும்போது பாட்டு முணுமுணுத்துக்கிட்டே இருப்பா. அதும் நின்னுட்டு. எவ்வளவு அமைதி தெரியுமா இப்போ அவகிட்ட? கேட்டதுக்குப் பதில், அவ்வளவுதான். ஆண்டவர் கையில ஒருத்தரைக் குடுத்தா எப்படிச் செதுக்குதாரு பாத்தியளா.

அத்தை போன வருஷம் போய்ச் சேந்தாங்க. நல்ல சாவு. ஒரு புண்ணு கிடையாது உடம்புல, இத்தனை வருஷம் கிடந்து. வந்தவங்க எல்லாம் என்னைத்தான் பாராட்டினாங்க. கடைசி நேரத்துல நான் தலையில கையை வச்சு ஜெபம் பண்ணப் போனேன். அவங்களுக்கு இடது கை மட்டும் கொஞ்சம் அசையும்லா, அந்தக் கையைத் தூக்கி என்னை இப்படி, இப்படி ஆட்டினாங்க. ஆசீர்வதிச்சாங்க. சீ, சீன்னு ஒரு சத்தம் வேற. அது சீலியைக் கூப்பிட்டது. கூட நின்ன ஒருத்தி வேற மாதிரி எடுத்துக்கிட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டா. அறிவு கெட்டவ.

அடக்கம் முடிஞ்சு ஒரு மாசம் போல இருக்கும், மிக்கேல் வந்தாரு. இன்னும் அதே மாதிரிதான் இருக்காரு, வேற கல்யாணம் பண்ணல. தலை மட்டும் நரைச்சிட்டு. வெளியூருக்குப் போயி அங்க கடை போட்டிருக்காராம். வாசல்லயே நின்னாரு, உக்காரச் சொன்னதுக்கு உக்காரல. மரியாதையாத்தான் கேட்டாரு, நான் குறை சொல்லக் கூடாது.

"அம்மாவும் போயாச்சு. இனிமே சீலி யாரைப் பாக்கணும் இங்க?"

எனக்குத் திக்குன்னுது. பெல்சியாவுக்கு அப்போதான் ரெட்டப் பிள்ளைன்னு ஸ்கேன்ல சொல்லியிருக்கு. ஆண்டவர் அடுத்த வாசலைத் தொறந்து வச்சிருக்காரு, இவரு வந்து குறுக்க நிக்காரு. ஒரு முறை ஆண்டவருக்குன்னு குடுத்ததை எப்படித் திருப்பி எடுக்க? நான் சொன்னேன், அவளுக்கு உங்க ஞாபகமே கிடையாது, ஆண்டவர் எல்லாத்தையும் துடைச்சிட்டாரு, நீங்க வந்ததா சொன்னாக்கூட யாருன்னு கேப்பான்னு.

அப்படிப் பாக்காதிங்கம்மா. பொய் கிடையாது. அது விசுவாச வார்த்தை. இன்னும் நடக்காததை நடந்த மாதிரி சொல்லுதது. சபையில சொல்லிக் குடுத்திருப்பாங்கள்லா உங்களுக்கு?

அவரு சரிங்கன்னாரு. போயிட்டாரு. சீலி பின்னால கிணத்தடியில அத்தையோட பழைய சேலையை எல்லாம் அலசிக்கிட்டு இருந்தா. நான் சொல்லல. சொல்லி என்ன செய்ய? நல்லா அடங்கி இருக்கிற மனசைக் கலைக்கணுமா? பெங்களூர் போறோம்னேன், சரி மைனின்னா. ஒரு கேள்வி கேக்கல.

இந்தக் கடைசி விஷயத்தை நான் எந்தக் கூட்டத்துலயும் சொன்னது இல்ல. உங்களைப் பாத்தா குடும்பத்துப் பொண்ணா இருக்கிய, அதான் சொன்னேன்.

ஏம்மா முன்னால முன்னால பாக்கிய?

சீலி. ஏ சீலி. முழிச்சா இருக்க?

எப்ப முழிச்சா இவ? தலை கம்பியிலதான் இருக்கு, கண்ணு தொறந்திருக்கு. செய்துங்கநல்லூர்ல பஸ் நின்னுதே, அப்பமே முழிச்சிருப்பாளோ.

என்னது? சத்தமாச் சொல்லு, பஸ் இரைச்சல்ல ஒண்ணும் கேக்கல. பிலோவா? ஆமா, கூட வந்துது. உள்ள வரல, தெருவுல அப்பன் வண்டிகிட்டயே நின்னுது.

எம்புட்டு உயரமா? இது என்ன கேள்வி? வளந்துட்டு, உன் தோளுக்கு வரும். ஒத்தச் சடை, கோணலாப் பின்னி. அந்த ஆளுதான் பின்னி விட்டிருப்பாரு.

போதுமா? சரி, தூங்கு. ஜங்ஷன்ல எழுப்புதேன்.

பாத்தியளாம்மா? அவ்வளவுதான் கேட்டா. அந்த ஆளைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. ஏன் சொல்லலன்னு என்கிட்ட ஒரு கோவம் இல்ல, ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல. வேற ஒருத்தியா இருந்தா இந்த பஸ்சையே ரெண்டாக்கியிருப்பா. இதைத்தான் நான் சாட்சியில சொல்லுதது. முழுசாக் குடுத்துட்டா ஆண்டவர் முழுசா எடுத்துக்குவாரு.

இந்தா பாருங்க, கண்ணை மூடிட்டா. கையைத்தான் மட்டமா விரிச்சு தோள்கிட்ட வச்சுக்கிட்டு அப்படியே இருக்கா. அது வலி. அத்தையைத் தூக்கித் தூக்கி அந்தத் தோள்பட்டை போயிட்டு, வாயைத் தொறந்து சொல்ல மாட்டா. பெங்களூர் போனதும் பெல்சியாகிட்ட சொல்லி நல்ல தைலமா ஒண்ணு வாங்கிக் குடுக்கணும். ரெண்டு பிள்ளையைத் தூக்கணும்லா.